சாப் சொன்னதா, நீங்கள் சொன்னதா?

முருகேசா,

நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கை செல்வி எழுதுகிறாள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது உனக்குத் தெரியும். காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது, அதில் இருப்பது தெரிவதில்லை. உன் அம்மா போன பிறகு வீட்டைப் பார்க்க ஆளில்லாமல் எட்டாவதோடு அவளை நிறுத்தினேன். ஆனாலும் அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத பெண். கேள்வி கேட்காமல் எழுதுவாள் என்ற தைரியத்தில்தான் தொடங்குகிறேன். அவளுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டாள்.

ஓட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. உனக்கு எந்த பூத்தில் போலீஸ் டூட்டி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் காவலுக்கு நின்ற அதே மர வெட்டுக் கேம்ப், அதே பள்ளிக்கூடக் கொட்டகை. செல்வி அந்த வரியை வாசித்தபோது இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். காதில் சரியாக விழவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். நன்றாகத்தான் விழுந்தது.

முந்தாநாள் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். எந்தக் கான்ட்ராக்டர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஆள் பிடித்து வந்து அந்தக் கேம்ப்புக்கு மரம் வெட்ட விட்டவர். இப்போது இங்கே ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலையும் அவர் கையில்தான். கையில் ஒரு சீப்பு செவ்வாழை. "என்ன ஏட்டய்யா, ஆளு தெரியுதா, இல்ல குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணுமா?" என்று சிரித்தபடியே உட்கார்ந்தார். நான் கடைசிவரை கான்ஸ்டபிளாகவே இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் நம் ஜனங்கள் மரியாதைக்கு ஏட்டய்யா என்பார்கள், அவரும் அப்படித்தான். டீயை ஊதிக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பையன் நம்ம கேம்ப் பூத்துலதானாமே நிக்கப் போறான்? நல்லதாப் போச்சு. அவன் ஒண்ணும் பெரிசாச் செய்ய வேண்டாம். உள்ள இருக்க ஆபீசர் சாப் கூப்பிட்டா, போயி நம்ம சனத்துக்குப் புரியிற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கு நீங்க சொன்னீங்கள்ல, அதே மாதிரி."

"அவன் புதுசு. பயப்படுவான்," என்றேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அதுக்குத்தான லெட்டர் கேக்கேன். அப்பன் எழுதினா பயம் போயிரும். ரெண்டு நாள்ல என் லாஞ்ச் ரங்கத் போகுது, அவன் கையிலயே குடுத்துர்றேன்." பிறகு உள்பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பாப்பா எத்தனை நாளைக்கு அடுப்படியிலயே கெடக்கும்? பால்வாடியில ஒரு ஆயா வேலை காலியா இருக்கு, நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அது பொறந்ததே என் போட்டு புண்ணியத்துலதான, நான் செய்யாம யார் செய்வா?" எழுந்து செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "பையன் வீம்பு பண்ணினான்னு வைங்க, தெக்குக் கோடித் தீவுக்கு, காம்ப்பெல் பேக்குத் தூக்கிப் போட்ருவாங்க. அங்க கப்பலுக்குக் காத்துக் கெடந்தே பாதி வயசு போயிரும். நீங்க இங்க கண்ணு தெரியாம, பாவம்." அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் போட்டைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. செல்வி பிறக்கும்போது உன் அம்மாவுக்கு ஒன்றரை நாள் வலி. கேம்ப்பில் கம்பவுண்டர் கிடையாது, அப்போது வயர்லெஸ்ஸும் வந்திருக்கவில்லை, ரேஷன் போட்டு வர நாலு நாள் இருந்தது. அவர் தன் லாஞ்சில் ஏற்றியிருந்த அரிசி மூட்டைகளைக் கரையில் இறக்கிப் போட்டுவிட்டு உன் அம்மாவைப் படுக்க வைத்து போர்ட் பிளேயர் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு உயிரும் பிழைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அதை எங்கே வைத்துத் தீர்த்தேன் என்பதைத்தான் உனக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நீ அந்த வருஷங்களில் இங்கே போர்ட் பிளேயரில் உன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எதுவும் தெரிய வழியில்லை.

தீவுக்கு முதல் தடவை ஓட்டு வந்த வருஷம் அது. அதுவரை நமக்கான ஆளை டெல்லியே பார்த்து உட்கார வைக்கும். கேம்ப் ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு வாசல் காவல். போலீஸ்காரன் பூத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் அதிகாரி கூப்பிட்டால் ஒழியக் கால் வைக்கக் கூடாது என்று ரங்கத்தில் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஒன்பது மணி வாக்கில் அந்த வங்காளி அதிகாரியே வெளியே வந்தார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது, நம் ஜனங்களுக்கு இந்தி தெரியாது, முதலில் போன நாலைந்து பேர் சீட்டை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். "சிபாஹி, இதர் ஆவோ, இன்கோ சம்ஜாவோ" என்று என்னைக் கூப்பிட்டார். இவர்களுக்கு விளக்கிச் சொல் என்கிறார். போனேன். அதுவரை தப்பில்லை.

நம் தீவில் இது தினமும் நடப்பதுதானே. ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், படகு கட்டும் ஜெட்டியில், யாராவது ஒருவர் சொல்வதை இன்னொருவர் வாங்கி வேறு பாஷையில் சொல்ல வேண்டும். காக்கி போட்ட நாள் முதல் எனக்குப் பாதி வேலை அதுதான். அதனால்தான் அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டில் பிடித்த படத்தின் மேல் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போடச் சொல் என்றார் அதிகாரி. நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, அதே குரலில், மூச்சு மாறாமல், "மேலேருந்து ரெண்டாவது படம், அதுல குத்துங்க" என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்த எதிர்த்தரப்பு ஏஜென்ட்டும் வங்காளிதான். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நன்றாக விளக்குகிறேன் என்று. கான்ட்ராக்டரின் ஆள் மட்டும் குனிந்து சிரித்தான்.

அந்த ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு கான்ட்ராக்டர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அந்த வேட்பாளர் கெட்டவரும் இல்லை. எனக்கும் அவரைப் பிடிக்கும், என் ஓட்டு அவருக்குத்தான். நல்ல ஆளுக்கு நாலு ஓட்டு சேர்வதில் என்ன பாவம் என்று நினைத்தேன். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் முருகேசா. பிடிக்காதவனுக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டான். பிடித்தவனுக்காக, தான் கடன்பட்டிருக்கிறவனுக்காகத்தான் செய்வான். அதனால்தான் அது தப்பு மாதிரியே தெரியாது.

பெண்கள் வரிசையில் மாரியம்மாள் நின்றாள். கேம்ப் சமையல் கொட்டகையில் வேலை, புருஷன் சுடலை மரம் இழுக்கும் ஆள். அவள் எல்லாரையும் போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போகவில்லை. நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டய்யா, அந்த ரெண்டாவது படம்னீங்களே, அது சாப் சொன்னதா, நீங்க சொன்னதா?"

சுற்றிலும் இருபது பெண்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அதிகாரி என்ன கேட்கிறாள் என்று கண்ணால் விசாரித்தார். எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் சொன்னதுதான், நீ உன் இஷ்டப்படி போடு என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருந்தால்கூட அவள் புரிந்துகொண்டிருப்பாள். நான், "சாப் சொன்னதுதான்," என்றேன். அவள் திரும்பி மற்றவர்களிடம், "சர்க்காரே சொல்லுதாம்டி, ரெண்டாவதுல குத்தணுமாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையே அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தது. என் சட்டையும் தொப்பியும் சேர்ந்து அதைச் சர்க்கார் வார்த்தை ஆக்கிவிட்டன.

சுடலை அதை நம்பவில்லை. கேம்ப்புக்கு ஒரு கம்பவுண்டர் வேண்டும் என்று இன்னொரு வேட்பாளருக்காகப் பேசித் திரிந்தவன் அவன். பெண்டாட்டி சொன்னதைக் கேட்டதும் கொட்டகை முன்னால் வந்து நின்று சத்தம் போட்டான். "ஏட்டு உள்ள என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும். ரங்கத் போயி பெரிய சாப்கிட்ட சொல்லாம விட மாட்டேன்!" நான் கேட்காதது மாதிரி நின்றேன். கான்ட்ராக்டரின் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், மரம் அடுக்கும் இடத்தில், கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த மேஸ்திரிகள் இரண்டு பேர் கட்டை புரட்டும் கம்பியால் சுடலையின் காலை அடித்து நொறுக்கினார்கள். அங்கிருந்து போலீஸ் அவுட்போஸ்ட் நூறு அடி தூரம். உள்ளே மருந்துப் பெட்டி இருந்தது. வயர்லெஸ் செட் இருந்தது. ஒரு வார்த்தை போட்டால் ரங்கத்திலிருந்து போலீஸ் லாஞ்ச் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். மாரியம்மாள் என்னிடம் வரவில்லை. நாலு பேரைப் பிடித்து அவனைப் பலகையில் கிடத்தி, என் வாசல் வழியாகவே ஜெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள், மறுநாள் வரப்போகும் ரேஷன் போட்டுக்காகக் காத்துக்கிடக்க.

நான் பின்னாலேயே ஓடினேன். ஜெட்டியில் அவள் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அழவில்லை. "நீங்க வேண்டாம் ஏட்டய்யா. உங்க வாயில யாரு பேசுறாங்கன்னு எனக்குத் தெரியல. நான் ஒண்ணு சொன்னா நீங்க மேல என்ன சொல்லுவீங்களோ," என்றாள்.

நான் திரும்பி வந்தேன். இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். செல்வி, நிறுத்தாதே, எழுது. அப்போதும் வயர்லெஸ் செட் அங்கேயேதான் இருந்தது. அவள் வேண்டாம் என்றாலும் நான் பேசியிருக்கலாம். பேசினால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், ஏன் அடித்தார்கள் என்று கேட்பார்கள், அது பூத்து வாசலில் வந்து நிற்கும். மேஸ்திரி ஒருவன் வந்து, "மரம் உருண்டிருச்சு ஏட்டய்யா," என்றான். நான் டைரியை எடுத்து, மரம் உருண்டு கூலி ஆளுக்குக் காலில் காயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செட்டைத் தொடவில்லை. சுடலை மறுநாள் மத்தியானம்வரை அந்த ஜெட்டிப் பலகையில் கிடந்தான். போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

உன் அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஆறு வயசுச் செல்விக்குத் தலை பின்னிக்கொண்டே ஒன்று கேட்டாள். "எனக்காக அன்னைக்கு போட்டு வந்துச்சே, அந்த மனுஷனுக்கு ஏன் வரல?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜங்லிகாட் மார்க்கெட்டில் மூலையில் இட்லிக்கடை போட்டிருக்கும் மாரியம்மாள் அவள்தான். பக்கத்தில் கட்டைக் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இலை நறுக்கித் தருபவன் சுடலை. லீவில் வந்தால் நீ அங்கே நின்று சாப்பிட்டுவிட்டு வந்து, ஏன் நீங்கள் மட்டும் அந்தக் கடைக்கு வருவதில்லை என்று கேட்பாய். வயிறு சரியில்லை என்று சொல்வேன். அது உன்னிடம் சொன்ன பொய்களில் சின்னது.

இப்போது நீ நிற்கப் போகிறாய். டூட்டிக்குப் போகும்போது அவர்களுடைய ஜீப்பில் ஏறாதே. ரோடு போட்டிருக்கிறார்கள், வெயிலாக இருக்கும், வழியில் நிறுத்தி ஏறிக்கோ தம்பி என்பார்கள். நடந்து போ. எந்தக் கட்சிப் பந்தலிலும் டீ குடிக்காதே, தாகம் எடுத்தால் பூத்துப் பானையில் தண்ணீர் குடி. யாருக்காவது ஜே போட்டால் உன் முகம் மாறக் கூடாது, அதுவும் உனக்குப் பிடித்தவருக்கு ஜே போட்டால். சிரிப்பைக்கூட ஜனங்கள் படித்துக்கொள்வார்கள். வாசலை விட்டு உள்ளே போகாதே. அதிகாரி கூப்பிட்டு, இவர்களுக்குச் சொல் என்றால், மறுக்காதே, சொல்லாவிட்டால் ஏழை ஜனங்கள் ஓட்டு வீணாகும். ஆனால் தனியாகச் சொல்லாதே. வரிசையில் நிற்பவர்களில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்வது சாப் சொன்னதுதானா என்று கேட்டுக்கொள் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் பிறகு பேசு. அவர் சொன்னது எங்கே முடிகிறதோ அங்கே உன் வாயை மூடிக்கொள். உனக்கென்று ஒரு ஓட்டு இருக்கிறது, அதைத் தபாலில் போடு. யாருக்குப் போட்டாய் என்று என்னிடம்கூடச் சொல்லாதே. நானும் யாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன். அது உன்னுடையது. காக்கி உன்னுடையது இல்லை.

மாற்றலைப் பற்றி உன்னை ஏமாற்ற மாட்டேன். போடுவார்கள். காம்ப்பெல் பேயும் மனுஷர்கள் இருக்கும் இடம்தான் என்று லேசாகச் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இந்தக் கண்ணுக்கு மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், கூட வர ஆள் வேண்டும். செல்விக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொல்கிறேன். நான் பத்து வருஷமாக ஒரு இட்லிக்கடையைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக நடக்கிறேன். கண் தெரிந்த காலத்திலேயே அப்படித்தான் நடந்தேன். நீ எந்தத் தீவில் வேண்டுமானாலும் இரு, நேராக நடக்கிற மாதிரி இரு.

கடிதத்தைக் கான்ட்ராக்டரிடம் கொடுக்கப் போவதில்லை. கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் நாளைக்குச் சர்க்கார் போட்டில் ரங்கத் வருகிறார், அவர் தங்கைக்கு உடம்பு சரியில்லையாம். அவர் கையில் வரும். வேறு யாராவது என் பெயரைச் சொல்லி ஒரு கடிதம் கொண்டுவந்தால் அது என்னுடையது இல்லை.

உன் அப்பா.

அண்ணா, இதற்குக் கீழே இருப்பது நான் எழுதுவது. அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்று காலை தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கான்ட்ராக்டர் வந்தார். "பாப்பா, அப்பா லெட்டர் சொல்லப் போறாராமே," என்றார். நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவரு வயசானவரு, பழசையெல்லாம் இழுப்பாரு. என்னமும் சொல்லட்டும். கடைசியில நீ ஒரே ஒரு வரி சேத்துரு. 'கான்ட்ராக்டர் ஐயா சொல்றபடி நட'ன்னு. அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரியவா போகுது, கண்ணு தெரியாத மனுஷன், நீ காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுவாரு." குடம் நிரம்பி வழிந்தது. "நீ பொறந்தது என் போட்டாலதான். மறந்துராத. பால்வாடி வேலையும் மறந்துராத."

நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த வேலைக்குப் போக எனக்கு ஆசைதான், அண்ணா. பால்வாடியில் நாற்பது குழந்தைகள் இருக்கின்றன, ஒரு பலகை இருக்கிறது, சுவரில் எழுத்துகள் எழுதியிருக்கின்றன. நான் பலமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் ஜெட்டியில் மாரியம்மாள் அக்கா சொன்னதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அப்பா சொன்னதற்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்தால் உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அப்பா அன்று செய்ததை நான் இன்று அப்பாவுக்கே செய்திருப்பேன்.

எழுதி முடித்ததும் அப்பாவிடம் குழாயடியில் நடந்ததைச் சொன்னேன். நான் எதுவும் சேர்க்கவில்லை என்று நான் சொன்னால் போதாது, வேறு யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றேன். கீழே இருக்கும் பாயைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வாசித்தால் பாய்க்கும் எல்லாம் தெரிந்துவிடும். ஆனாலும் அப்பா, "கூட்டிட்டு வா," என்றார். பாய் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தார். ஜெட்டி வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, ஆனால் எதையும் விடவில்லை. முடித்ததும் அப்பா, "நான் சொன்னதுதான். ஒரு சொல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

நேர்வழியாகத்தான் போனோம். மாரியம்மாள் அக்கா இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுடலை அண்ணன் அப்பாவைப் பார்த்துவிட்டு இலையைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆவி வரும் பக்கமாகத் திரும்பி நின்று, "மாரியம்மா, அன்னைக்குக் கேட்டியே. சாப் சொல்லல. நான் சொன்னது," என்றார்.

கடையில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் துணியை உரித்து இட்லிகளை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் பேசினாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா இவரு ரெண்டு காலோட நடந்திருப்பாரு ஏட்டய்யா." அப்பா, "ஆமா," என்றார். அவள் அடுத்த ஆளுக்குச் சட்னி ஊற்றப் போய்விட்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. அப்பா வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார், வந்துவிட்டோம்.

வாசலில் கான்ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தார். "என்ன பாப்பா, எழுதியாச்சா? குடு, லாஞ்ச் கிளம்புது," என்று கையை நீட்டினார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. "எழுதியாச்சு. பாய் கொண்டுபோறாரு," என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே, "நான் சொன்ன வரி?" என்று கேட்டார். "அது நீங்க சொன்னது. அப்பா சொன்னதத்தான் எழுதினேன்," என்றேன்.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி என்ன செய்வார் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா. உனக்கும் அன்று அந்த வாசலில் பயமாக இருக்கும். இருந்தால் இருக்கட்டும். சாப் சொன்னது முடிந்ததும் நீ பேசாமல் இரு.

செல்வி